வில்லுத்தகட்டுத் துண்டோடு அரம் வாங்கப் போனது

பெரும்போக விதைப்புக்கு முன்னால் வீட்டில் கிடக்கும் மண்வெட்டி, காட்டுக்கத்தி, கோடரி எல்லாவற்றுக்கும் கூர் பார்த்து எடுத்துவிட வேண்டும் என்று இறங்கினால், வேலையை விட அரம் தேடுவதுதான் பெரிய பாடாகப் போய்விட்டது. தேடியதில் தெரிந்துகொண்டதையும், கிடைத்த அரங்களை வைத்துச் செய்த வேலையையும் சேர்த்தே எழுதுகிறேன். வன்னிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடைக்குப் போகும்போது உதவும்.

முதலில், இரும்பு தேய்க்கும் கிறைண்டர் இருக்கும்போது அரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. கிறைண்டர் வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கத்தியின் வாய் மெல்லியது, டிஸ்க் பட்டதும் சூடு போக இடமில்லாமல் நுனியிலேயே நிற்கும். வாயோரம் நீலம் பாய்ந்தால் அந்த இடம் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறிவிட்டது என்று அர்த்தம். கொல்லர் போட்ட தோய்ச்சல், அதாவது சூடாக்கித் தோய்த்து ஏற்றிய கடினம், அங்கே போய்விட்டது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் மட்டும் ஒரு நாள் வேலைக்குக்கூடத் தாங்காது. அதோடு ஒரு வருடத்தில் தேயவேண்டிய இரும்பை டிஸ்க் ஒரு இழுவையில் தின்றுவிடும். நம்முடைய கிரவல் மண்ணில் மண்வெட்டி சும்மாவே தேய்கிறது, நாங்களும் சேர்ந்து தின்னவேண்டியதில்லை. அரத்தில் சூடும் ஏறாது, எவ்வளவு எடுக்கிறோம் என்பது கைக்கும் தெரியும்.

சரி, அரம். ஏ9 வீதியோரத்து இரும்புக்கடைகளில் அரம் இல்லாமல் இல்லை, பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று தொங்குகிறது. பேர் இருக்காது, அல்லது பேர் மாதிரி ஏதோ இருக்கும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில கிழமைகளுக்குள் 360 வரை ஏறிய பிறகு, கடைக்காரரும் விலை குறைந்ததையே எடுத்து வைக்கிறார்கள், அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. அப்படி வாங்கிய ஒன்று, பேர் வேண்டாம், ஒரு மண்வெட்டியின் பாதி வாய் வருவதற்குள் கண்ணாடி மாதிரி வழுக்கத் தொடங்கிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பல்லெல்லாம் நுனி மடிந்து வெள்ளைக் கோடு கோடாக மின்னியது.

ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்தால் கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். அரம் கரி அதிகமுள்ள உருக்கு, நல்லதில் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேலே கரி இருக்கும். இரும்பு மென்மையாக இருக்கும்போதே உளி போன்ற வெட்டியால் பல்லை வெட்டிவிட்டு, பிறகுதான் சூடாக்கி உப்புத்தண்ணீரில் தோய்ப்பார்கள். சூடாக்கும்போது காற்றுப் பட்டால் பல்லு நுனியில் உள்ள கரி எரிந்து போய்விடும். அதைத் தடுக்கத்தான் அந்தக் காலத்தில் உப்பும் மாவும் கரித்தூளும் கலந்த பசையைப் பூசினார்கள். இந்தப் பக்குவத்தில் அவசரப்பட்டால் உள்ளே கடினம், நுனியில் பச்சை இரும்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னொரு பக்கம், மலிவுச் சாமானில் சாதாரண இரும்பை எடுத்து மேல்தோலை மட்டும் கடினப்படுத்தி விட்டுவிடுவதும் உண்டு. (இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அரத்தைக் கையாலேயே வெட்டிய காலத்தில், மறுபக்கத்துப் பல்லு நசியாமல் இருக்க ஈயக்கட்டியின் மேல் வைத்து வெட்டினார்களாம். அந்த ஈயமே வெட்டியவர்களின் உடம்பில் ஏறி நோயாக்கியது. ஒரு அரத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.)

ஆகவே இப்போது கடைக்குப் போகும்போது பொக்கற்றில் ஒரு வில்லுத்தகட்டுத் துண்டு கொண்டுபோகிறேன், பழைய ட்ரெயிலர் ஸ்பிறிங்கில் வெட்டியது, விரல் நீளம். அது தோய்ச்சல் உள்ள இரும்பு, ஆனால் நல்ல அரத்தை விட மென்மையானது. அரத்தின் வால் (பிடிக்குள் ஏறும் முனை) பக்கத்துப் பல்லு மூலையை, வேலையில் அதிகம் படாத இடத்தை, அந்தத் துண்டில் வைத்து லேசாக ஒரே ஒரு முறை தள்ள வேண்டும். நல்ல அரம் கடிக்கும், கையில் ஒரு இழுவை தெரியும், தூள் விழும். கெட்டது சறுக்கிக்கொண்டு போகும். பால் பெயாரிங் வளையத்தில் இந்தச் சோதனை செய்யக்கூடாது, அது அரத்தின் கடினத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், நல்ல அரத்தின் பல்லும் அதில் போய்விடும்.

கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது என்று சொல்லத் தேவையில்லை.

"தம்பி, வாங்கிப்போட்டு வீட்டை கொண்டுபோய் அராவும்."

"அண்ணை, ஒரே ஒரு தள்ளுதான். கடிச்சா இரண்டு எடுக்கிறன்."

இரண்டு எடுப்பேன் என்றதும் மனிதர் உள்ளே போய், முன்னால் தொங்கியதை விட்டுவிட்டு, மெழுகுத்தாள் சுற்றிய பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். இது எனக்குப் பிடித்த இடம். கனக்கக் கடைகளில் நல்ல சாமான் பின்னால்தான் இருக்கிறது, கேட்பவர் இல்லாததால் தூசு பிடித்துக் கிடக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது இந்திய ஜேகே அரம், 10 அங்குலம் தட்டை. வில்லுத்தகட்டில் வைத்ததும் கடித்தது. விலையும் தொங்கியதை விடப் பெரிதாகக் கூட இல்லை.

கண்ணால் பார்க்கவேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. பல்லு அடியிலிருந்து நுனிவரை ஒரே ஆழத்தில் ஓடுகிறதா, ஓரத்தில் பாதியில் மங்குகிறதா என்று வடிவாகப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தால் நடுவில் லேசாகப் பருத்திருப்பது குறையில்லை, தட்டையாக அராவுவதற்காகவே பல அரங்களை அப்படிச் செய்கிறார்கள். ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் வளைந்திருந்தால் தோய்க்கும்போது கோணியது, வேண்டாம். பேர் இரும்பில் குத்தப்பட்டிருக்கிறதா, மையில் அடிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்ப்பேன், அதை மட்டும் நம்பமாட்டேன். பிடி ஏறும் வால் மட்டும் மென்மையாக இருக்க வேண்டும், அதை இன்னொரு அரம் கடிக்க வேண்டும். உடம்பைக் கடித்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம்.

பேர்களைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. ஜேகே மகாராட்டிரத்தில் இரத்தினகிரிப் பக்கத்தில் செய்வது, எங்கள் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பதில் கையிலெடுக்கக்கூடியது. நிக்கல்சன் 1864இல் அமெரிக்காவில் றோட் ஐலண்ட் மாநிலத்தின் புரொவிடென்ஸில் தொடங்கியது. அமெரிக்காவில் செய்தது என்று குத்திய பழைய துண்டு பழைய இரும்புக்கடையில் அகப்பட்டால் விடாதீர்கள். பாகோ என்பது மீனும் தூண்டிலும் போட்ட சுவீடன் பேர், அரம் செய்வது போர்த்துகலில். குதிரைச் சின்னம் போட்ட ஜேர்மன் அரம் பிஃபெர்ட். இவை இரண்டும் கொழும்பில் பழைய சோனகத் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கும், அல்லது அங்கே வேலை செய்யும் பெடியன் ஒருவன் இரவு பஸ்ஸில் வரும்போது கொண்டுவர வேண்டும். நுணுக்க வேலைக்கு ஊசி அரம் என்றால் சுவிற்சர்லாந்தின் வலோர்ப். சுவிஸ் மச்சான் ஊருக்கு வருகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டபோது சொக்லேட் வேண்டாம், அரம் கொண்டுவா என்றேன். இரண்டு தரம் திருப்பிக் கேட்டான். கைப்பையில் வைக்காதே, பெரிய பெட்டியில் போடு என்றும் சொல்லவேண்டியிருந்தது. சுவிஸ் அரங்களில் பல்லின் நுணுக்கத்துக்கு 00 தொடங்கி எண் போடுவார்கள், எண் கூடக் கூட மென்மை. 2ஆம் எண் இருந்தால் வீட்டு வேலைக்குக் கனக்கக் காணும்.

எந்த அளவு, எந்தப் பல்லு என்பதில்தான் கடையில் கனபேர் தடுமாறுகிறார்கள். பாஸ்டர்ட், செக்கண்ட் கட், ஸ்மூத் என்று மூன்றும் சாதாரணமாகக் கிடைக்கும், முரடிலிருந்து மென்மைக்கு அந்த வரிசை. ஆனால் ஒரே பாஸ்டர்ட் என்றாலும் 12 அங்குலத்தில் பல்லு பெரிது, 6 அங்குலத்தில் சிறிது. நீளத்தைச் சொல்லாமல் பாஸ்டர்ட் ஒன்று தாருங்கள் என்றால் எதுவும் வரலாம். நீளத்தை அளக்கும்போது வாலைச் சேர்க்கமாட்டார்கள். ஒரு வரிசைப் பல்லு மட்டும் சரிவாக ஓடினால் அது ஒற்றை வெட்டு, கூர் போடுவதற்கு அதுதான், வாய் மினுக்கமாக வரும். குறுக்கே இன்னொரு வரிசையும் வெட்டியிருந்தால் இரட்டை வெட்டு, இரும்பை வேகமாக எடுக்கும், முகம் கரடாக நிற்கும். ஒரே ஒரு அரம்தான் வாங்க முடியும் என்றால் 10 அங்குலத் தட்டை, ஒற்றை வெட்டு, பாஸ்டர்ட். மண்வெட்டிக்கும் கத்திக்கும் கோடரிக்கும் அது போதும்.

புதிது வாங்குவதோடு நிற்காமல் பழைய இரும்புக்கடையிலும் கிண்டினேன். அங்கே கறள் பிடித்த அரம் கிலோக் கணக்கில் வரும். (எங்கள் பக்கத்தில் இதையும் சொல்லியாக வேண்டும்: பழைய இரும்புக் குவியலில் அடையாளம் தெரியாத எதையும் கிண்டி எடுக்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத மண் இது.) பல்லு உடைந்தது, ஓரம் பொரிந்தது, கறள் குழி விழுந்தது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மேலால் மட்டும் கறள் ஏறியவற்றை எடுத்துக்கொண்டேன்.

அதற்குச் செய்த வைத்தியம் வினாகிரி. முதலில் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். கொழுப்பு இருந்தால் வினாகிரி உள்ளே இறங்காது, கறள் புள்ளி புள்ளியாக நிற்கும். பித்தளைக் கம்பி பிறஷ்ஷால் பல்லு ஓடும் சரிவிலேயே தேய்க்கவேண்டும், குறுக்கே அல்ல. பிறகு ஒரு பக்கம் அடைத்த பீவீசீ குழாய்த்துண்டில் நிமிர்த்தி நிற்கவைத்து வினாகிரியை ஊற்றி ஒரு இரவு விட்டேன். சின்னக் குமிழி எழும்பிக்கொண்டே இருக்கும். காலையில் எடுத்தால் கறுப்புக் கறையோடு வரும், துலக்கினால் சாம்பல் நிறத்தில் உண்மையான இரும்பு தெரியும். கழுவியவுடன் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுக்காவிட்டால் கண்முன்னாலேயே மறுபடி கறள் பிடிக்கும், நம்முடைய மாரிக் காற்றில் சொல்லவே வேண்டாம். பிறகு வெயிலில் உலர்த்தி, மண்ணெண்ணெய் துடைத்து வைத்தேன். பற்றரி அசிட்டில் போட்டால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்லுவார்கள், கண்ணையும் கையையும் அதற்குக் கொடுக்க வேண்டாம்.

இதில் எவ்வளவு பலன்? கறள் மூடிக் கிடந்த நல்ல அரம் நன்றாகத் திரும்பி வந்தது, விரல் நகத்தை மெதுவாக இழுத்தால் பற்றிப் பிடிக்கிறது. பாவித்து மழுங்கியது ஓரளவுக்கு, மண்வெட்டிக்குக் காணும். வினாகிரி பல்லின் சரிவையும் கொஞ்சம் தின்பதால் நுனி திரும்பக் கூராகிறது, அவ்வளவுதான் கணக்கு. உடைந்த பல்லை அது முளைக்க வைக்காது. திரும்பாதவற்றைக் கம்மாலைக்குக் கொடுத்துவிட்டேன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் தேய்ந்த அரத்தை ஒருவரும் எறிந்ததில்லை, எல்லாம் கத்தியாகவும் உளியாகவும் போயிற்று என்று அங்கே இருக்கும் ஐயா சொல்வார். அதைக் கத்தியாக்குவதென்றால் கடினத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். அரத்தை அப்படியே பாரை மாதிரி நெம்பினாலோ சுத்தியலால் அடித்தாலோ உடைந்து துண்டு கண்ணுக்கு வரும்.

பிடி இல்லாமல் அரம் பிடிக்காதீர்கள், அது எங்காவது தட்டுப்பட்டு நின்றால் வால் உள்ளங்கைக்குள் ஏறும். நன்றாகக் காய்ந்த கொய்யாக் கொப்பை உள்ளங்கைக்கு அளவாக வெட்டி, முதலில் மெல்லிய ஓட்டை, பிறகு அதன் மேல்பாதியைக் கொஞ்சம் அகலமாகத் துளைத்து, வாலைச் செருகி, பிடியின் அடியை மேசையில் குத்திக் குத்தி இறுக்கினேன். அரத்தில் அடிக்கக் கூடாது. வாய்ப்பக்கம் பிளக்காமலிருக்கச் செம்புக் குழாயில் ஒரு வளையம் வெட்டிப் போட்டிருக்கிறேன்.

இனி வேலை. மண்வெட்டியைத் தடி கழற்றாமலே வாங்கோடு சேர்த்துக் கட்டினேன், வைஸ் இருந்தால் இன்னும் நல்லது. நான் உள்பக்கத்தை மட்டும் அராவுகிறேன், மறுபக்கத்தில் பிசிர் (அராவும்போது ஓரத்தில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு) மட்டும் எடுப்பேன். சாய்வு கிட்டத்தட்ட 30 பாகை, அதைவிடக் கூராக்கினால் கல்லில் பட்டு மடியும். காட்டுக்கத்திக்கு 20 முதல் 25. பாகைமானி தேடவேண்டியதில்லை: கொப்பித் தாளின் மூலையை ஒருமுறை மடித்தால் 45, அதைத் திரும்ப மடித்தால் இருபத்திரண்டரை, அதை வாயோரம் வைத்துக் கண்ணால் பார்த்துக்கொண்டு அராவலாம்.

தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் பல்லுத்தான் போகும். வேகம் வேண்டாம். சரியாகக் கடிக்கும்போது ஒரு கரகரப்புக் கேட்கும், அது கீச்சென்று மாறினால் சறுக்குகிறது, அழுத்தத்தைக் கூட்டுங்கள் அல்லது சாய்வை மாற்றுங்கள். எங்கே அராவிவிட்டோம் என்று தெரியாவிட்டால் வாயோரத்துக்கு மார்க்கர் பூசுங்கள், மை போன இடம் அரம் பட்ட இடம். வாயின் முழு நீளத்துக்கும் மறுபக்கத்தில் பெருவிரலில் பிசிர் தட்டும்வரை போகவேண்டும். நடுவில் தட்டி ஓரத்தில் தட்டாவிட்டால் ஓரம் இன்னும் வரவில்லை. பிசிர் வந்தபிறகு மறுபக்கத்தைக் கத்தியில் இரண்டு மூன்று தள்ளு, மண்வெட்டியில் தட்டையாக ஒரு தடவல், முடிஞ்சுது. கோடரிக்கு மட்டும் மேலே சாணைக்கல்லும் போட்டேன். பாலை விறகு கொத்துபவர்களுக்குக் காரணம் தெரியும், அந்த மரத்துக்குக் கரட்டு வாய் நிற்காது. கடைகளில் விற்கும் கடினமான சமையல் கத்தியை மட்டும் இந்த அரத்துக்குக் கொடுக்காதீர்கள், அதற்குக் கல்லுத்தான்.

இரும்புத்தூள் பல்லுக்குள் இறுகி நின்றால் அடுத்த தள்ளில் முகத்தில் ஆழமான கீறல் விழும். அதற்குப் பள்ளிக்கூட வெண்கட்டியை அரத்தில் பூசிவிட்டுத் தொடங்குகிறேன். அப்படியும் சிக்கினால் பித்தளைத் தகட்டுத் துண்டின் ஓரத்தைப் பல்லு ஓடும் சரிவிலே அழுத்தித் தள்ளவேண்டும். இரண்டு மூன்று தள்ளில் அந்த ஓரமே பல்லுக்கு ஏற்றபடி வெட்டுப்பட்டுச் சீப்பாகிவிடும், பிறகு தூளை அடிவரை வாரிக்கொண்டு வரும். இப்போது அதை அரத்தோடு கயிற்றில் கட்டியே வைத்திருக்கிறேன்.

இதோடு இன்னொரு வேலையும் வந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினின் புளி (பெல்ட் ஓடும் சில்லு), தண்டில் ஆடத்தொடங்கியிருந்தது, கழற்றினால் உள்ளே இருந்த கீ, அதாவது சில்லையும் தண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சிறு இரும்புக் கட்டை, நசிந்து போயிருந்தது. அளவான கீ கடையில் இல்லை, கொஞ்சம் பெரிய சதுரக் கம்பிதான் இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி வைஸில் பிடித்து, செக்கண்ட் கட் அரத்தால் இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்தேன், மற்ற இரண்டையும் தொடாமல் விட்டால்தான் அளவு தெரியும். கடைசிக் கட்டத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் கரிப்புகையை கீயில் பிடித்து, தண்டின் பள்ளத்தில் வைத்து லேசாகத் தட்டி எடுத்தால், இறுகும் இடத்தில் மட்டும் கரி அழிந்து மினுங்கும். அந்த மினுங்கும் இடத்தை மட்டும் அராவு, திரும்பக் கரி பிடி, திரும்ப வை. அலுப்பான வேலை, ஆனால் கையால் அழுத்த உள்ளே போய் ஆடாமல் நின்றபோது லேத் பட்டறைக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம். இங்கே மச்சானின் வலோர்ப் அரம்தான் வேலை செய்தது, பள்ளத்தின் மூலையில் நின்ற பிசிரை வேறெதுவும் எடுத்திராது.

செயின் வாளுக்கு உருண்டை அரம் வாங்கும்போது செயினின் அளவைக் கேட்டு வாங்குங்கள். 4 மில்லிமீற்றர், 4.8, 5.2, 5.5 என்று வரும், கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான். மாறிப்போட்டால் பல்லின் கொக்கி கெடும்.

அரங்களை வைக்கும் இடம் இனித்தான் சரியாகச் செய்யவேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் எறிந்தால் ஒன்றையொன்று கடித்தே பாதி மழுங்கும், அதனால் இப்போதைக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒவ்வொன்றுக்கும் உறை போட்டு, அலுமினியத்துக்குப் பாவிப்பதைத் தனியாக அடையாளம் செய்து, கூரைக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். கைவாள் மட்டும் பாக்கி. புதிதாக வரும் வாள்களில் பல்லு நுனி கறுநீலமாக இருந்தால் அதைக் கடினப்படுத்தி விட்டிருக்கிறார்கள், அரம் அதில் ஏறாது, அதை விடுங்கள். வீட்டில் இருப்பது அந்தக் காலத்து வாள், தீட்டலாம், ஆனால் அதற்கு ஓரம் கூராக நிற்கும் 6 அங்குல மெல்லிய முக்கோண அரம் வேண்டும். கிளிநொச்சியிலும் பரந்தனிலும் பார்த்ததெல்லாம் தடித்தது, பல்லின் அடிக்கு இறங்கவில்லை. கொழும்பிலிருந்து வரும் பெடியனிடம் சொல்லிவிட்டிருக்கிறேன், வில்லுத்தகட்டில் ஒரு துண்டும் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.